திரும்பி வருமா முன்பணம்?

எடிசனில் தமிழ்க் குடும்பங்களுக்குக் கப்பல் பயணம் பதிவு செய்துகொடுக்கும் வேலைக்கு நான் வந்தது தற்செயல். கல்யாணமாகி எச்-4 விசாவில் நியூ ஜெர்சிக்கு வந்தவள் நான். கணவரின் கிரீன் கார்டு வரிசை நகரும்வரை எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. திருச்சியில் கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதிக்கொண்டிருந்தவள், இங்கே தமிழ்ப் பள்ளியில் வாரம் ஒரு நாள் உயிரெழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மிச்ச நாளெல்லாம் ஓக் ட்ரீ ரோட்டில் கத்தரிக்காய் விலையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். 2016-ல் கார்டு கைக்கு வந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஒரு தோழி சொல்ல, பெரிய டிராவல் ஏஜென்சி ஒன்றின் கீழ் ஏஜெண்டாகச் சேர்ந்தேன். விமான டிக்கெட்டில் ஏஜெண்டுக்கு ஒன்றும் நிற்காது, கப்பலில்தான் கமிஷன் உண்டு என்று அங்கே முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்.

ஒரே கேபினுக்கு இரண்டு விலை காட்டும் பழக்கம் கப்பல் கம்பெனிகளிடையே பரவிக்கொண்டிருந்த சமயம் அது. முன்பெல்லாம் டெபாசிட் கட்டி இடம் பிடித்துவைப்பார்கள். மனசு மாறினால், மீதிப் பணம் கட்டும் தேதிக்கு முன்னால் ரத்து செய்து முழுசாகத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இதிலே கைதேர்ந்த அமெரிக்க வாடிக்கையாளர்கள் ஒரே கோடைக்கு இரண்டு மூன்று கப்பல்களில் இடம் போட்டுவைத்து, கடைசியில் ஒன்றில் ஏறுவார்கள். எந்த அறை நிஜமாக விற்றது, எது சும்மா பிடித்துவைத்தது என்று கம்பெனிக்கே தெரியாது. அதற்கு அவர்கள் கண்ட வழிதான் இந்த இரண்டாவது விலை. டெபாசிட்டைத் திரும்பக் கேட்கமாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறவருக்குக் கட்டணம் குறைவு. எப்போது வேண்டுமானாலும் விலகுவேன் என்பவருக்குக் கட்டணம் கூடுதல்.

ஏழு இரவுப் பயணம் என்றால் தலைக்கு 250 டாலர் டெபாசிட் என்பது நான் அதிகம் பார்த்த தொகை. இரண்டு பேர் தங்கும் அறைக்கு 500. திரும்பி வராத டெபாசிட்டை எடுத்தால் அறைக்கு நூறு டாலர் முதல் சில நூறு வரை குறையும். பிறகு ரத்து செய்தால் என்ன ஆகும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சிலர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார்கள். சிலர் தலைக்கு நூறு டாலர் பிடித்துக்கொண்டு மீதியை அடுத்த பயணத்துக்கான வரவாகக் கொடுப்பார்கள். எஃப்.சி.சி. என்று எங்கள் தொழிலில் சொல்வோம். அது பணம் இல்லை; அதே கம்பெனியின் கப்பலில், குறிப்பிட்ட காலத்துக்குள், யார் பெயரில் வந்ததோ அவர் செலவழிக்க வேண்டியது. கப்பலையோ தேதியையோ மாற்றினாலும் தலைக்கு ஒரு கட்டணம் உண்டு. பெரிய சூட் அறைகளுக்கு இந்தத் தேர்வே கிடையாது என்று சில கம்பெனிகள் வைத்திருக்கின்றன. பணக்காரர்கள் திரும்பி வராத டெபாசிட்தான் கட்டவேண்டும். எனக்கு அது எப்போதும் கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும்.

பேரேடு எழுதிய கை சும்மா இருக்காதே. ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு விலைக்கும் வித்தியாசம் அறைக்கு 200 டாலர், ரத்தானால் போவது 500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு குடும்பங்கள் கூடுதல் விலைக்குப் பதிவு செய்கின்றன. ஐந்து குடும்பங்கள் கப்பலேறுகின்றன. குடும்பத்துக்கு 200 வீதம் ஆயிரம் டாலர் அதிகம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு குடும்பங்கள் ரத்து செய்கின்றன. குடும்பத்துக்கு 500 வீதம் ஆயிரம் டாலர் தப்பித்திருக்கிறார்கள். ஆக ஏழில் இரண்டு ரத்தானால்தான் கூடுதல் விலை கொடுப்பதற்கும் கொடுக்காததற்கும் கணக்கு சரியாகிறது. வரவாகவாவது கொஞ்சம் திரும்பித் தரும் கம்பெனி என்றால் அந்த இரண்டு இன்னும் ஏறவேண்டும். பொதுவான கணக்கில் திரும்பி வராத டெபாசிட்டே லாபம். ஒரு வருஷத்துக்கு முன்னால் தேதி குறித்துவிட்டு அதன்படியே போய்வரும் குடும்பங்கள்தான் உலகத்தில் அதிகம்.

என்னிடம் வந்த குடும்பங்கள் அப்படி இல்லை. ஏழில் இரண்டு என்ன, மூன்றுகூட ரத்தான வருஷங்கள் உண்டு. எங்கள் ஆட்கள் மனசை மாற்றிக்கொள்கிறவர்கள் என்று அர்த்தமில்லை. அவர்களுடைய வருஷம் அவர்கள் கையில் இல்லை. ஒரு பகுதி விசா அதிகாரியிடம், ஒரு பகுதி மேனேஜரிடம், ஒரு பகுதி ஊரில் இருக்கும் அப்பாவின் இருதயத்திடம்.

தஞ்சாவூர்க்காரத் தம்பி ஒருவர் 2017 நவம்பரில் அலாஸ்காவுக்குப் போகவேண்டும் என்று வந்தார். அடுத்த ஜூலையில் சியாட்டிலிலிருந்து கிளம்பி, ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிக்கன் பார்த்துவிட்டு சியாட்டிலுக்கே திரும்பும் பயணம். அவருக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு, இரண்டு குழந்தைகளும் இங்கே பிறந்தவர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். அவர்களுக்குப் பத்து வருஷ அமெரிக்க விசா ஏற்கெனவே இருந்தது.

“அக்கா, நான்-ரீஃபண்டபிள் போட்டா ரெண்டு ரூமுக்கும் சேத்து நானூறு டாலர் மிச்சம். அதையே போடுங்க. அப்பா அம்மா வர்றது நிச்சயம். ஃப்ளைட் டிக்கெட்டே எடுத்தாச்சு.”

“அமெரிக்காவுக்கு வர்றது நிச்சயம் தம்பி. விக்டோரியாவுக்கு?”

அவருக்குப் புரியவில்லை. பலருக்கும் புரியாத இடம் இது. அமெரிக்காவில் 1886-ல் போட்ட ஒரு சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் ஓடிப் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். நாம் ஏறும் பெரிய கப்பல்களில் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. அதனால் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல், திரும்பும் வழியில் கடைசி நாள் சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கும். இருட்டுகிற நேரம், பாதிப் பேர் இறங்கக்கூட மாட்டார்கள், மேல்தளத்தில் ராத்திரிச் சாப்பாட்டில் இருப்பார்கள். அந்தச் சில மணி நேரத்துக்காக இந்தியப் பாஸ்போர்ட்காரருக்குக் கனடா விசா வேண்டும். அமெரிக்கக் கிரீன் கார்டு இருந்தால் விலக்கு உண்டு. வெறும் சுற்றுலா விசாவில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு விலக்கு கிடையாது. நான் இறங்கவே மாட்டேன் என்று சொன்னாலும், விசா இல்லாதவரைக் கம்பெனி சியாட்டிலிலேயே கப்பலில் ஏற்றாது.

நான் ஒரு வழி சொன்னேன். ஒரே குடும்பம் என்றாலும் இரண்டு அறை, இரண்டு பதிவு. உங்கள் அறையைத் திரும்பி வராத டெபாசிட்டில் போடுங்கள், அப்பா அம்மா அறையை மட்டும் கூடுதல் விலைக்குப் போடுங்கள். இரண்டையும் சேர்த்துக் காட்டி, ஒரே மேஜையில் சாப்பாடு வாங்கித்தர என்னால் முடியும். 200 டாலர் மிச்சம் போதும். அவர் கொஞ்சம் யோசித்தார். கனடா விசாதானே, ஆன்லைனில் போட்டால் வந்துவிடும் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு அறையையும் திரும்பி வராத டெபாசிட்டிலேயே போட்டார்.

விலை அதிகமான பதிவைப் பரிந்துரைத்தால் ஏஜெண்டுக்குக் கமிஷன் கூடும், அதற்காகத்தான் இந்த அம்மா சொல்கிறாள் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் நினைத்தாரா தெரியாது. உண்மையில் நிலைமை தலைகீழ். மீதிப் பணம் கட்டி முடித்த பிறகுதான் எங்களுக்குக் கமிஷன். ரத்தானால் ஒன்றும் இல்லை. ரத்து செய்யத் தயங்குகிற வாடிக்கையாளரே ஏஜெண்டுக்கு நல்லவர்.

அப்பா அம்மா மார்ச்சில் வந்து இறங்கினார்கள். வந்த பிறகுதான் கனடா விண்ணப்பம் போனது. விசாவுக்குத் தலைக்கு 100 கனடா டாலர். கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். ஏழு இரவுப் பயணத்துக்கு மீதிப் பணம் கட்டவேண்டிய கடைசி நாள் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 90 நாள் முன்னால். ஜூலைக் கப்பலுக்கு அது ஏப்ரலில் வந்து நின்றது. விசா வரவில்லை. கட்டினால் ஆயிரக்கணக்கில் மாட்டிக்கொள்ளும், கட்டாவிட்டால் டெபாசிட். கடைசி நாள் மத்தியானம் அவர் கூப்பிட்டு, அப்பா அம்மா அறையை ரத்து செய்யச் சொன்னார். தலைக்கு நூறு பிடித்துக்கொண்டு, முந்நூறு டாலர் வரவாக வந்தது, அப்பா அம்மா பெயரில். ஜூன் மாதம் விசா வந்தது. அந்தக் கப்பலில் அப்போது அவர்களுக்கு ஏற்ற அறை எதுவும் மிச்சமில்லை. தம்பி குடும்பம் மட்டும் போய்வந்தது. பெரியவர்கள் அந்த வாரம் பாஸ்டனில் மகள் வீட்டில் இருந்தார்கள்.

அடுத்த தையில் தஞ்சாவூரிலிருந்து எனக்கு ஒரு போன். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அந்த அப்பா. “அம்மா, எங்க பேர்ல முந்நூறு டாலர் அந்தக் கப்பல் கம்பெனில நிக்குதாமே. இன்னும் மூணு மாசத்துல காலாவதி ஆயிடும்னு பையன் சொல்றான். அதை இங்கயே மாத்திக்க ஏதாவது வழி இருக்கா?” இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. மகன் பெயருக்கு மாற்றலாமா என்று கேட்டுப் பார்த்தேன். கம்பெனி முடியாது என்றது. அவர் கோபப்படவில்லை. கச்சேரி வேலையில் இப்படி எத்தனையோ பார்த்தவர். “சரிம்மா, அரசாங்கத்துக்குக் கட்டின மாதிரின்னு வச்சுக்கறேன்” என்றார்.

அதற்கடுத்த வருஷம் இதற்கு நேர்மாறான ஒன்று. கோயம்புத்தூர்ப் பக்கத்து இளம் தம்பதி. யோசித்து, கூடுதல் விலை கொடுத்து, திரும்பி வரும் டெபாசிட்டை எடுத்தார்கள். நான் தேதியைச் சொன்னேன், மின்னஞ்சலில் எழுதினேன், மீதிப் பணம் கட்டிய அன்றும் சொன்னேன்: இன்றோடு திரும்பி வருகிற காலம் முடிந்தது. அவர்கள் காதில் நின்றது ரீஃபண்டபிள் என்ற ஒரு சொல்தான். புறப்பாட்டுக்கு நாற்பது நாள் இருக்கும்போது பெண்ணின் அப்பாவுக்கு அங்கே பைபாஸ் என்று செய்தி. ரத்து செய்யச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்போது நான்தான் விளக்கவேண்டியிருந்தது. டெபாசிட் திரும்பி வரும் என்பதெல்லாம் மீதிப் பணம் கட்டும் தேதிவரை. அந்தத் தேதி தாண்டினால் இரண்டு வகையும் ஒன்றுதான்: முதலில் கட்டணத்தில் கால்வாசி, பிறகு பாதி, முக்கால், கடைசி மாதத்தில் முழுசும் என்று பிடிப்பு படிப்படியாக ஏறும். அவர்கள் முக்கால் பங்கு படியில் நின்றார்கள். காப்பீடு எடுக்கவில்லை. “அப்ப எதுக்கு அதிகமாக் கொடுத்தோம்?” என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர்கள் வாங்கியது பதிவு நாளிலிருந்து அந்தத் தேதிவரையிலான அவகாசத்தை மட்டும். கம்பெனிகள் விலைப்பக்கத்தில் ரீஃபண்டபிள் என்பதைப் பெரிதாகவும், எதுவரை என்பதைச் சின்னதாகவும் போடுவதை நான் நல்ல வியாபாரம் என்று சொல்லமாட்டேன்.

அன்றிலிருந்து ஊரில் பெரியவர்கள் இருக்கும் எல்லாரிடமும் காப்பீட்டைப் பற்றிப் பேசாமல் பதிவு செய்வதில்லை. அதிலும் ஒரு தேதி இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் பிரிவு வேண்டுமென்றால், முதல் டெபாசிட் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கிவிடவேண்டும். அதுவும் முழுப் பணத்தைத் தராது. பாதியிலிருந்து முக்கால் வரை. சாதாரணக் காப்பீட்டில் விசா கிடைக்காமல் போவது பெரும்பாலும் காரணமாக ஏற்கப்படாது. பிரீமியத்தையும், இரண்டு டெபாசிட் விலைகளின் வித்தியாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விசாவுக்கு மட்டும் பயப்படுகிறவருக்கு அந்த வித்தியாசம்தான் மலிவான காப்பீடு.

இந்தக் கணக்கையெல்லாம் 2020 மார்ச் ஒரே வாரத்தில் கலைத்துப் போட்டது. ஒரு நண்பர் கூட்டம், இரண்டு தம்பதிகளின் வெள்ளி விழாவை ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து கிளம்பும் கப்பலில் கொண்டாட, ஏப்ரல் முதல் வாரத்துக்கு என்னிடம் பதிவு செய்திருந்தது. சிலர் திரும்பி வரும் டெபாசிட், சிலர் வராதது. மீதிப் பணத்தை எல்லாரும் கட்டியாகிவிட்டது. கொரோனா பரவிய ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பல் யோகோஹாமாவில் நின்ற பிப்ரவரியிலிருந்தே என் போன் ஓயவில்லை. மார்ச் முதல் வாரம் கம்பெனிகள் இறங்கிவந்தன: புறப்பாட்டுக்கு இரண்டு நாள் முன்புவரை ரத்து செய்யலாம், பணமாக இல்லை, வரவாகத் தருகிறோம் என்றன. பயந்தவர்கள் உடனே ரத்து செய்து வரவை வாங்கிக்கொண்டார்கள். இன்னும் சிலர், கம்பெனியே நிறுத்தட்டும் என்று பொறுத்தார்கள். மார்ச் 13 அன்று கப்பல் கம்பெனிகளின் சங்கம் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து பயணங்களை நிறுத்துவதாக அறிவித்தது. மறுநாள் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் தடை உத்தரவு வந்தது. பயணத்தைக் கம்பெனியே ரத்து செய்ததும் பொறுத்திருந்தவர்களுக்கு இரண்டு வாய்ப்பு: கட்டியதில் 125 சதவீதம் வரவாக, அல்லது முழுப் பணமும் திரும்ப.

ஒரே கூட்டம், ஒரே தளம், அடுத்தடுத்த அறைகள். மூன்று நாள் முந்தி ரத்து செய்தவரிடம் வெறும் வரவு, பொறுத்தவரிடம் பணம். அந்தப் பணத்தில், நவம்பரில் ‘திரும்பி வராது’ என்று கையெழுத்துப் போட்ட டெபாசிட்டும் அடக்கம். திரும்பி வராதது என்பது நாம் விலகும்போதுதான். அவர்கள் விலகினால் எல்லாமே திரும்பி வரவேண்டியதுதான். இதை முன்னாலேயே ரத்து செய்தவர்களிடம் விளக்குவது லேசாக இல்லை. வெள்ளி விழாத் தம்பதிகளில் ஒரு ஜோடி இன்னொரு ஜோடியிடம் அப்புறம் ரொம்ப நாள் சரியாகப் பேசவில்லை. யார் சொல்லி யார் ரத்து செய்தார்கள் என்ற வழக்கு அது. பணம் வரவேண்டியவர்களுக்கும் மாதக்கணக்கில் இழுத்தது. கம்பெனி போனில் காத்திருக்கும்போது கேட்கும் பாட்டு எங்கள் வீட்டில் சாம்பார் கொதிக்கும்போதெல்லாம் ஒலித்தது. என் கணக்கில் ஏற்கெனவே வந்திருந்த கமிஷனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மாதங்களில்தான் ஒரு சட்டத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 1965 நவம்பரில் மயாமியிலிருந்து நாசோ போன ‘யார்மவுத் காசில்’ என்ற கப்பல் தீப்பிடித்து மூழ்கியது. 90 பேர் இறந்தார்கள். மறுவருஷம் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் தீப்பாதுகாப்போடு நிற்கவில்லை. 50 பேரோ அதற்கு மேலோ தங்கும் வசதியுள்ள கப்பலை அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இயக்குகிறவர், பயணம் நடக்காமல் போனால் பயணிகளின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வழியிருக்கிறது என்று ஃபெடரல் மாரிடைம் கமிஷனிடம் பிணை காட்டவேண்டும் என்றது. ஆனால் பயணம் நடக்கவில்லை என்று எப்போது சொல்வது, எத்தனை நாளில் திருப்பித் தருவது என்பதெல்லாம் 2020-ல் தெளிவாக இல்லை. அவதிப்பட்டவர்கள் எழுதிய புகார்களுக்குப் பிறகு கமிஷன் விதியைத் திருத்தியது. 2022 ஏப்ரலிலிருந்து, கம்பெனி பயணத்தை ரத்து செய்தாலோ, மூன்று நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போட்டு நீங்கள் ஏறவேண்டாம் என்று முடிவெடுத்தாலோ, பணத்தை 60 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். டெபாசிட் எந்த வகை என்ற கேள்வி அங்கே எழாது.

அதே 2022 கடைசியில் ஐ.டி. கம்பெனிகளில் ஆட்குறைப்பு தொடங்கியது. ஈரோட்டுத் தம்பி ஒருவர், எச்-1பி, நான்கு பேர் குடும்பம், வசந்த விடுமுறைக்கு இரண்டு அறை போட்டிருந்தார். திரும்பி வரும் டெபாசிட். கூட்டாளிகள் கிண்டல் செய்தார்களாம், ‘உனக்கு எப்பவும் பயம்டா’ என்று. அவர் என்னிடம் முன்பே சொன்னது நினைவிருக்கிறது: “அக்கா, வேலை போனா அறுபது நாள்தான். அதுக்குள்ள இன்னொரு கம்பெனி எடுக்கணும், இல்ல மூட்டை கட்டணும். அந்த அறுபது நாள் எப்ப ஆரம்பிக்கும்னு எனக்கு யார் சொல்லுவா?” மீதிப் பணம் கட்டும் தேதிக்குச் சில நாள் முன்னால் அவருக்குக் கடிதம் வந்தது. அன்று சாயங்காலமே ரத்து செய்தேன். அடுத்த வாரம் ஆயிரம் டாலரும் அவர் கார்டில் திரும்ப ஏறியிருந்தது. அந்த மாத வாடகையில் பாதி என்றார். பிறகு டல்லாஸ் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டதாகக் கேள்வி.

குடியுரிமை பெற்றுவிட்டவர்கள், பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியில் படிப்பவர்கள், நியூ ஜெர்சிக்கே உரிய ஒரு விடுமுறையில் கப்பலேறுவார்கள். நவம்பர் தொடக்கத்தில் ஆசிரியர் சங்க மாநாட்டுக்காக இங்கே வியாழன், வெள்ளி பள்ளி கிடையாது. சிலர் வாரம் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். மற்ற மாநிலங்களில் அது சாதாரண வாரம் என்பதால் கப்பலும் மலிவு. பேயோனில் உள்ள கேப் லிபர்ட்டி துறைமுகத்துக்கு எடிசனிலிருந்து காரிலேயே போய்விடலாம், விமானச் செலவு இல்லை. தேதி நிச்சயம், பாஸ்போர்ட் அமெரிக்காவுடையது, ஊரிலிருந்து யாரும் வரவில்லை. இவர்கள் கூடுதல் விலை கொடுப்பது வீண். நானே திரும்பி வராத டெபாசிட்டைத்தான் போடச் சொல்வேன். தாத்தா பாட்டி சேர்ந்தால் அவர்கள் அறைக்கு மட்டும் வேறு பேச்சு.

என் அம்மாவோடு போனபோது நான் எடுத்தது திரும்பி வரும் டெபாசிட். அம்மாவின் அமெரிக்க விசா புதுப்பிக்கவேண்டியிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு சென்னைத் துணைத் தூதரகத்தில் புது விசா நேர்காணலுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அம்மாவுக்கு நேர்காணல் விலக்கில் விசா வந்துவிட்டது. வந்தார், கப்பல் ஏறினார், ஏழு நாளும் தயிர் எங்கே என்று கேட்டார். கூடுதலாகக் கொடுத்த பணம் போனது போனதுதான். அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அந்தப் பணத்துக்குத் திருச்சியில் என்ன வாங்கியிருக்கலாம் என்று பட்டியல் போட்டிருப்பார்.

புதிதாகக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு விலைக்கும் அறைக்கு எத்தனை டாலர் வித்தியாசம், ரத்தானால் எத்தனை போகும் என்று இரண்டு எண்களையும் காகிதத்தில் எழுதுங்கள். அதற்கப்புறம், உங்களோடு வருகிற ஒவ்வொருவருக்கும் இந்த வருஷம் இன்னொருவர் கையெழுத்து தேவைப்படுகிறதா என்று பாருங்கள். தேவைப்படுகிறவர் இருக்கும் அறைக்குக் கூடுதல் விலை கொடுங்கள், மற்ற அறைகளுக்குக் கொடுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் முதலில் திரும்பி வரும் டெபாசிட்டில் தொடங்குங்கள். விசா வந்த பிறகு, அன்றைய விலைக்கு, திரும்பி வராததாக மாற்றிக்கொள்ள நான் பதிவு செய்த கம்பெனிகள் விட்டன. திரும்பி வராததிலிருந்து திரும்பி வருவதற்கு மாற்ற விடவில்லை. மீதிப் பணம் கட்டும் தேதியை ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் ஏஜெண்டைக் கூப்பிட்டு, உங்கள் அறையின் அன்றைய விலை என்ன என்று கேளுங்கள். குறைந்திருந்தால் பெரும்பாலும் குறைத்துப் போட்டுக்கொடுப்பார்கள். தேதி தாண்டிவிட்டால் அதையும் செய்யமாட்டார்கள். கேட்பதற்குக் காசு இல்லை.